சாரல், தேரி, கடல்: நெல்லைச் சீமைக்கு முதல்முறை காரில் வருகிறவர்களுக்கு

ஐஸ்லாந்தின் தென்கரைச் சாலையில் கார் ஓட்டிப்போகும் வீடியோக்கள் இப்போது எல்லார் போனிலும் ஓடுகின்றன. ஒரு பக்கம் அருவி, மறுபக்கம் கடல், இடையிடையே மலையிலிருந்து சரிந்து இறங்கும் பனியாறு. நம் ஊரில் இப்படி ஒரு பாதை உண்டா என்று கேட்டால், உண்டு. பனியாறு ஒன்றுதான் கிடையாது. அந்த இடத்தில் நமக்குத் தேரி, அதாவது செம்மணல் மேடுகள், இருக்கிறது. குற்றாலத்தில் தொடங்கி, பாபநாசம் வழியாகத் தாமிரபரணியின் கரையோடு திருநெல்வேலிக்கு இறங்கி, திருச்செந்தூரில் கடலைத் தொட்டு, மணப்பாடு தாண்டி உவரி வரை போகலாம். மொத்தம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். தூரம் ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பயணம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் காற்றின் கையில் இருக்கிறது. அதனால் வரைபடத்தை அப்புறம் விரிக்கலாம், முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்.

எந்த மாதம்?

ஆனி, ஆடி, ஆவணி. குற்றால சீசன் என்பது இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு தென்காசிக்குள் நுழைகிறது. வெயில் அடிக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாகத் தூறும். அதுதான் சாரல். மலைமேல் பெய்கிற மழை அருவிகளில் இறங்கும்.

அதே காற்று கிழக்கே போகப் போக ஈரம் வற்றி வறண்டுவிடும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் பணகுடி, காவல்கிணறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. தேரியில் மணலைக் கிளப்புவதும் கடலைக் கொந்தளிக்கவைப்பதும் இந்தப் பருவத்துக் காற்றுதான். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. ஆடியில் அருவி உச்சத்தில் இருக்கும், கடற்கரையில் கண்ணைத் திறக்க முடியாமல் மணல் அடிக்கும். இரண்டும் ஒரே நாளில் சொர்க்கமாக இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அருவிகளில் தண்ணீர் நிறைய வரும், ஆனால் எப்போது எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. மார்கழியின் தொடக்கமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. இந்த மாதங்களில் வருவதென்றால் வானிலை மையத்தின் எச்சரிக்கையைத் தினமும் பார்த்து, தேவைப்பட்டால் பயணத்தையே ரத்து செய்யத் தயாராக இருக்க வேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தை, மாசியில் குற்றாலம் மெலிந்துவிடும். ஆனால் பாபநாசத்தில் அகத்தியர் அருவியில் தண்ணீர் இருக்கும், வெயில் தணிந்திருக்கும், கடல் சாதுவாக இருக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் இந்த மாதங்களே நல்லது. பங்குனி, சித்திரையில் பதநீரும் நுங்கும் தவிர உங்களை வரவேற்க எதுவும் இல்லை.

அருவியும் வேண்டும், கடற்கரையும் ஓரளவு வேண்டும் என்றால் ஆவணியைப் பாருங்கள். குற்றாலத்தில் கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும். சாரல் சில நாள் ஏமாற்றும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டியதுதான்.

மாதத்தை முடிவு செய்தபின் விசேஷ நாட்களைக் கழியுங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாபநாசம் திணறும். வைகாசி விசாகம், கந்த சஷ்டி, தைப்பூசம், பௌர்ணமி நாட்களில் திருச்செந்தூரில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே வரம். புரட்டாசியை ஒட்டிய தசராவில் குலசேகரன்பட்டினம் சாலை முழுக்க வேடம் கட்டிய பக்தர்கள் வருவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே வரலாம், ஆனால் அது வேறு பயணம்.

மேற்கிலிருந்து கிழக்கே

திருச்செந்தூரில் தொடங்கிக் குற்றாலத்தில் முடிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். இந்தப் பயணத்தில் நிச்சயமில்லாதது அருவி ஒன்றுதான். வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள். அதை முதலில் வைத்துக்கொண்டால் ஒரு நாள் காத்திருக்க இடமிருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். கடல் எங்கும் போய்விடாது. இன்னொரு வசதி, மத்தியானத்துக்கு மேல் கிழக்கு நோக்கி ஓட்டும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்.

நான்கு நாள் வையுங்கள். குற்றாலத்துக்கு ஒன்று, பாபநாசமும் ஆற்றோரச் சாலையும் ஒன்று, திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ஒன்று, தேரியும் கடற்கரையும் ஒன்று. மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் பாபநாசம், மணிமுத்தாறு இரண்டில் ஒன்றை விடுங்கள்.

சாதாரண கார் போதும், ஜீப் எதுவும் தேவையில்லை. டயரையும் வைப்பரையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள் திருநெல்வேலியில் தங்கிக்கொண்டு, மேற்கே அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை போகும் ரயிலிலும், கிழக்கே திருச்செந்தூர் ரயிலிலும் போய்வரலாம். தேரிக்கும் மணப்பாட்டுக்கும் மட்டும் வண்டி பிடித்தால் போதும்.

குற்றாலம்

சீசனில் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். லாட்ஜ் வாடகை ஏறிவிடும், அருவியில் தலையை நீட்டவும் இடம் கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் வையுங்கள். குற்றாலத்தில் அறை கிடைக்காவிட்டால் தென்காசியில் தங்கலாம், ஐந்து கிலோமீட்டர்தான்.

அருவிகள் பல. பேரருவி ஊருக்கு நடுவிலேயே, குற்றாலநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் விழுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் பாறையில் உள்ள பொங்குமாகடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, அது நிரம்பிப் பொங்கித்தான் கீழே வருகிறது. அதனால்தான் அதன் கீழே மனிதன் நிற்க முடிகிறது. ஐந்தருவி சில கிலோமீட்டர் தள்ளி. பழைய குற்றாலம் இன்னும் தள்ளி. சிறு பிள்ளைகளுக்குப் புலியருவி ஏற்றது. செண்பகாதேவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் இருப்பவை. யாராவது ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள்.

விடிகாலையில் போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதால், குடும்பமாக வருகிறவர்கள் குளித்து முடித்து எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் அருவியில் அனுமதி இல்லை. நகையை அறையிலேயே வைத்துவிடுங்கள். கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு உங்களைவிட வேகமாக முடிவெடுக்கும்.

தடை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல இடம் டீக்கடை. "அண்ணாச்சி, மெயின் அருவில விடுதாங்களா?" என்று கேட்டால் போதும். "காலைல ஆர்ச்ச தாண்டி விழுந்துச்சு, இப்ப விட்டுருப்பாவ, போய்ப் பாருங்க" என்கிற மாதிரி பதில் வரும். ஆர்ச் என்பது பேரருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவு. தண்ணீர் அதையும் தாண்டி வெளியே கொட்டினால் போலீஸ் யாரையும் உள்ளே விடாது. அவர்களோடு வாதாட வேண்டாம். 2024 மே மாதத்தில், சீசனே தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, மலைமேல் பெய்தாலே போதும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வரத் தொடங்கினாலோ, அந்த நொடியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

குளித்துவிட்டு வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. அங்கே என்ன பார்டர் என்று கேட்டுவிடாதீர்கள்; செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரையும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. சைவக்காரர்களுக்குத் தென்காசியில் நல்ல சாப்பாடு கிடைக்கும். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழக்கடைகளும் வரிசையாக இருக்கும்.

ஆற்றோடு இறங்குவது

இரண்டாம் நாள் காலையில் குற்றாலத்திலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மேற்கே மலை கூடவே வரும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி கொஞ்ச காலம் இங்கேதான் இருந்தார்.

பாபநாசத்துக்கு மேல் போனால் நீங்கள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறீர்கள். 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அதனால் செக்போஸ்ட் உண்டு, கட்டணம் உண்டு, வண்டியைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக்கும் மதுவும் கூடாது. சீக்கிரம் போய் மத்தியானத்துக்குள் திரும்புவது நல்லது. சாயங்காலம் வரை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது, போனில் சிக்னலும் பல இடங்களில் போய்விடும். அகத்தியர் அருவியில் கூட்டம் குற்றாலத்தைவிடக் குறைவு, தண்ணீர் குளிர்ச்சி அதிகம். காரையாறு அணைக்கு அப்பால் இருக்கும் பாணதீர்த்த அருவிக்குப் போக முடியும் என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டித் திரும்பினால் மணிமுத்தாறு அணை, அதற்கு மேலே அருவி. இதுவும் வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டித்தான். இன்னும் மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே போக வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். கூகுள் மேப் மாஞ்சோலைக்கு வழி காட்டும், ஆனால் கேட்டைத் திறந்துவிடாது. அனுமதி இல்லாமல் வந்து திரும்பிப் போகிற கார்களை எப்போதும் பார்க்கலாம்.

ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசை வரும், வரத்தான் செய்யும். ஊர்க்காரர்கள் குளித்துக்கொண்டிருக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஆள் இல்லாத இடம் அழகாக இருக்கிறதென்றால், அங்கே ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கும். ஆற்றுக்குள் ஆழமான பள்ளம், கசம் என்பார்கள், எங்கே என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும்.

இங்கிருந்து திருநெல்வேலி வரை சாலையின் இரு பக்கமும் வயலும் வாழையும். பாபநாசத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு, பச்சைக்கு அவைதான் காரணம். பத்தமடையில் நிறுத்திக் கோரைப்பாய் பாருங்கள். பட்டுப்பாய் என்று சொல்லும் மெல்லிய ரகத்தின் விலையைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், அதை நெய்ய ஆகும் நாட்கள் அப்படி. ராத்திரி தங்கல் திருநெல்வேலியில். சாயங்காலம் நெல்லையப்பர் கோயில், எதிரே அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை. அது சாயங்காலம்தான் திறக்கும், வரிசையும் இருக்கும்.

திருச்செந்தூர்ச் சாலை

அறுபது கிலோமீட்டர் கூட இல்லாத சாலை. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கிளம்பினால் பாதியைத் தவற விடுவீர்கள். ஆனால் எல்லாக் கோயிலிலும் நிற்கவும் முடியாது, நவதிருப்பதிகளும் நவகைலாயங்களில் பலவும் இந்தப் பக்கம்தான். கோயில்கள் உச்சிவேளையில் நடை சாத்திச் சாயங்காலம்தான் திறக்கும் என்பதால், காலை ஏழு மணிக்கே கிளம்பி மூன்று இடம் மட்டும் பாருங்கள் என்பேன்.

ஒன்று கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பத் தூண்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். இரண்டு ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடத்திலேயே, தோண்டிய குழிகளை அப்படியே கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி 2023இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். மூன்று ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் ஊர், அவர் இருந்த புளியமரம் கோயிலுக்குள். அப்புறம் தென்திருப்பேரை தாண்டினால் கடம்பாகுளம். அதைக் குளம் என்று சொல்வது நம்மூர் அடக்கம், அது ஒரு ஏரி.

தை, மாசியில் இந்தச் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் இரவெல்லாம் நடப்பார்கள். இருட்டில் ஓட்டுவதைத் தவிருங்கள்.

திருச்செந்தூர்க் கோயில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை, இடையில் சாத்தாமல் திறந்திருக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், செல்போனை உள்ளே விட மாட்டார்கள். செவ்வாய், வெள்ளியில் கூட்டம் அதிகம். கடலில் குளிப்பது கோயிலுக்கு முன்னால், கூட்டம் குளிக்கும் இடத்தில் மட்டும்.

தேரியும் கடலும்

கடைசி நாளுக்குக் காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், வெயில் ஏறிவிட்டால் போயிற்று.

திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாகத் தேரிக்குடியிருப்பு. கற்குவேல் அய்யனார் கோயில் வரை தார்ச்சாலை இருக்கிறது, அங்கேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். சுற்றிலும் குருதிச் சிவப்பில் மணல்மேடுகள். மணல் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறத்துக்குக் காரணம். காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணல் இது, அதே தென்மேற்குக் காற்று. பனியாறு மலையிலிருந்து மெல்ல நகர்கிற மாதிரி தேரியும் நகர்கிற வஸ்துதான். ஓடவிடாமல் பிடித்து நிறுத்தத்தான் வனத்துறை உடைமரம், முந்திரி போன்றவற்றை நட்டது. நடுநடுவே பனைகள்.

காரை மணலில் ஏற்றாதீர்கள். ஒரு முறை சக்கரம் புதைந்தால் ஊரைக் கூட்டித்தான் இழுக்க வேண்டும். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் நடங்கள், ஒரே மாதிரி மேடுகளில் திசை தெரியாமல் போய்விடும். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் மணல் காலைச் சுடும். ஆடி மாதமென்றால் கண்ணாடியும் தலைக்கு ஒரு துண்டும் கட்டாயம்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்தால் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் இந்தப் பகுதியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே தள்ளியிருக்கும் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மணப்பாடு. நேரம் எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார், அவர் தங்கியதாகச் சொல்லும் குகை மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் மணல் திட்டுக்குள் அடங்கிய நீர்நிலை, அதன் கரையில் ஊர். செப்டம்பர் 14ஐ ஒட்டித் திருவிழா, அப்போது கூட்டம் தாங்காது. மேட்டின் மேல் காற்று அடிக்கும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உவரி இன்னும் தெற்கே. சுயம்புலிங்கசாமி கோயிலில் ஓலைப்பெட்டியில் கடல்மணல் சுமந்து வந்து கொட்டி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அதே ஊரில் அந்தோணியார் கோயிலும், கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் இருக்கின்றன. மீன் சாப்பிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நல்ல மீன் குறைவு, விலை அதிகம்.

கடலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலைகள் சில நாள் கழித்து வந்து கரையேறும். அமைதியாக இருக்கிற கடல் திடீரென்று ஆளை இழுத்துக்கொள்ளும். இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை அறிவிக்கிறார்கள், செய்தியில் வரும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்குக் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

உவரியிலிருந்து கன்னியாகுமரி ஐம்பது கிலோமீட்டர் போல. நேரம் இருந்தால் போங்கள். எனக்கென்னவோ திசையன்விளை, மூலைக்கரைப்பட்டி வழியாகத் திருநெல்வேலி திரும்புவதுதான் நல்ல முடிவாகப் படுகிறது. தை முதல் பங்குனி வரை என்றால் வழியில் கூந்தன்குளம். பூநாரை குளத்தில் நிற்கும், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்திலும், ஊருக்குள் வீட்டு மரங்களிலும் இருக்கும். ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை, நீங்களும் ஹாரன் அடிக்காதீர்கள்.

அருவியில் தடை போட்டுவிட்டால்

அறையில் உட்கார்ந்து மழையைத் திட்ட வேண்டியதில்லை. குற்றாலத்திலேயே சித்திரசபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியங்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும், அதற்காகவே ஒரு தரம் நுழையலாம். பண்பொழிக்குப் பக்கத்தில் திருமலைக்கோயில், மலைமேல் வரை கார் போகும், மேலிருந்து பார்த்தால் குளங்களும் தென்னந்தோப்புகளும் கேரளம் வரை விரிந்து கிடக்கும். ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும்; வயலுக்குள் இறங்கும் முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுநாள் காலை திரும்பவும் டீக்கடையில் விசாரியுங்கள். அன்றும் தடை என்றால் அகத்தியர் அருவியிலும் வெள்ளமாகத்தான் இருக்கும், அதை நம்பி ஓடாமல் நேரே திருநெல்வேலிக்கு வண்டியைத் திருப்புங்கள். மிச்சமாகும் அந்த ஒரு நாளை மணப்பாட்டில் தங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம்.